பிக்கப் வண்டியா, சொகுசுக் காரா? தோப்புடையோர் ஆராய வேண்டுவன

கொடைக்கானல் மலையடிவாரத்தில், வத்தலக்குண்டு–பெரியகுளம் சாலையை ஒட்டியுள்ள கெங்குவார்பட்டியில் மாந்தோப்பும் தென்னையும் உடைய குடியானவர் பலர். மாங்காய்க் காலம் முடிந்து கையில் ரொக்கம் சேர்ந்தவுடன் மோட்டார் வண்டி வாங்கும் எண்ணம் எழுவது இயல்பே. சென்ற பருவத்தின் முடிவில் அவ்வூர் மிராசுதார் ஒருவர் இக்கட்டுரையாளரை அணுகி, "ஐயா, வாங்குவதாயின் ஒரே வண்டியாக வாங்க வேண்டும். காயும் ஏற்ற வேண்டும். குடும்பத்தோடு மதுரைக்கும் போய்வர வேண்டும். பெரிய பிக்கப் நல்லதா, ஃபார்ச்சூனர் போன்ற கார் நல்லதா?" என வினவினார். தோப்பில் ஒரு பகுதியை ஈடு வைத்துக் கடன் பெறவும் அவர் சித்தமாயிருந்தார். இதே கேள்வியைப் பிறரும் கேட்டு வருதலின், அவருக்குக் கூறிய விடை இங்குச் சற்று விரித்து எழுதப்படுகிறது.

பிக்கப் என்னும் ஒரே பெயரால் இருவகை வண்டிகள் வழங்குகின்றன என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். ஒன்று, சரக்குக்கென்றே அமைந்தது. 2011-இல் வெளிவந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் ஏற்றுவது. மஹிந்திரா பொலிரோ மேக்ஸ் பிக்கப்பில் 2023-இல் வந்த வகைகள் 1.3 டன் முதல் 2 டன் வரை தாங்குவன. மற்றொன்று, நான்கு கதவும் ஐந்து ஆசனமும் பின்னால் சிறு தொட்டியும் உடையது. 2016-இல் வந்த இசுசு வி-கிராஸ், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவை இவ்வினம். இவை சொந்த உபயோக வாகனமாகப் பதிவாகின்றன. வெளிநாட்டுப் படங்களைக் கண்டு நம்மவர் விரும்புவது இரண்டாம் வகையையே. ஆனால் தோப்புக்கு உதவுவது முதல் வகை.

ஹைலக்ஸும் ஃபார்ச்சூனரும் ஏறக்குறைய உடன்பிறப்புக்கள். இரண்டிலும் ஏணி போன்ற இரும்புச் சேஸியும் 2.8 லிட்டர் டீசல் எஞ்சினும் உண்டு. முக்கிய பேதம் பின்சக்கர வில்லில் உள்ளது. பிக்கப்பில் பட்டையான எஃகு இதழ்கள் அடுக்கப்பட்டிருக்கும்; பாரம் ஏற ஏற அவை ஒன்றையொன்று தாங்கி நிற்கும். காரிலோ சுருள் வில். அது மனிதர் உடலுக்கு இதமாகும்படி அமைந்தது. ஆகவே பிக்கப் வெறுமையாகச் செல்லுங்கால் பின்புறம் துள்ளும். மழைக்காலத்தில் மலைச்சாலையில் வெறும் வண்டியை இறக்கும்போது பின்சக்கரம் வழுக்க இடமுண்டு. கீழ்க் கியரில் மெல்ல இறக்குவதே உசிதம்.

இனிப் பாரக் கணக்கு. காய் நிரம்பிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, பெட்டியின் எடையும் சேர்த்து 22 கிலோகிராம் என்று கொள்வோம். 1.3 டன் பிக்கப்பில் 59 பெட்டிகள் ஏறும். சொகுசுக் கார் ஏழு மனிதருக்கு அமைந்தது. ஒருவர்க்கு 65 கிலோகிராமாக, ஓட்டுபவர் நீங்கலாக அறுவர் எடை 390 கிலோகிராம். ஆசனங்களை மடக்கி இடம் செய்தாலும் 17 பெட்டிகளே. பிக்கப் ஒரு நடையில் கொண்டு செல்வதைக் கார் நான்கு நடையில் கொண்டு செல்லும். அன்றியும், மூடிய காரினுள் சித்திரை வெயிலில் காய் வெதும்பும். காம்பின் பால் ஆசனத்தில் பட்டால் கறை எளிதில் போகாது. 45 கிலோகிராம் யூரியா மூட்டையையும் தொழு உரத்தையும் அக்காரில் ஏற்ற எவர்க்கும் மனம் வராது. வாங்கியவர் மீண்டும் வாடகை வண்டியையே தேடுவார்.

மேற்படி மிராசுதாரின் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பார்த்ததில், ஆண்டொன்றில் மண்டிக்கு 64 நடை. குடும்பத்தோடு மதுரைக்கு 9 முறை. ஆக 73. கார் கிரயம் 40 லட்சம் என்றும் வட்டி நூற்றுக்கு 9 என்றும் கொண்டால், முதலாண்டு வட்டி 3,60,000 ரூபாய். பிரயாணம் ஒன்றுக்கு வட்டி மாத்திரமே சுமார் 4,900 ரூபாய். 10 லட்ச ரூபாய்ச் சரக்கு பிக்கப்புக்கு இது 1,200 ரூபாய்க்குச் சற்று மேல். இதனோடு வரியும் உண்டு. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட தமிழ்நாட்டு ஆயுள் வரி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் கார்களுக்கு நூற்றுக்கு 20. அதாவது 40 லட்சக் காருக்கு 8 லட்சம். ஏறத்தாழ மற்றொரு சரக்கு வண்டியின் கிரயம்! 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பெரிய சொகுசுக் கார்களுக்கு அது 40 சதவீதம்.

சரக்கு வண்டிக்கும் தொல்லைகள் உண்டு, மறைத்தல் ஆகாது. முதல் எட்டாண்டுகள் இரண்டாண்டுக்கொரு முறையும், பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். மொத்த எடை 3,000 கிலோகிராமுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் பர்மிட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆதலால் வாங்குமுன் மொத்த எடையை விசாரித்துக் கொள்க. அளவுக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும், மிகுதியான டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். லைசென்சைப் பற்றி முன்பிருந்த ஐயம் நீங்கியது: மொத்த எடை 7,500 கிலோகிராம் வரையுள்ள சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்சு உடையவர் ஓட்டலாம் என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கிராம அதிகாரிகள் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். காதுகுத்துக்கும் திருவிழாவுக்கும் பிக்கப்பின் பின்தொட்டியில் பெண்களையும் பிள்ளைகளையும் நிற்க வைத்து அழைத்துச் செல்லும் வழக்கம் நம் பக்கத்தில் மிகுதி. சரக்கு வண்டியில் இவ்வாறு சும்மா ஏற்றிச் செல்லப்படும் பயணிகளுக்குக் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பாகாது என 2002-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் முடிவு செய்துள்ளது. சரக்கின் உடைமையாளரும் அவருடைய பிரதிநிதியும் செல்வது வேறு. வண்டி கவிழ்ந்தால் நஷ்டஈடு வண்டிக்காரரின் நிலத்தின் மேல் வந்து விழும். உயிர்ச்சேதத்துக்கோ ஈடே இல்லை.

குடும்பத்தோடு நெடுந்தூரம் செல்லச் சொகுசுக் காரே சிறந்தது என்பதில் ஐயமில்லை. முதியோரை வாரந்தோறும் மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் வீட்டுக்கு அது வேண்டுவதே. காய்க்கு வாடகை வண்டி வைத்துக் கொள்ளலாம். ஊரார் மதிப்புக்காக வாங்குவோரையும் இக்கட்டுரையாளர் பழிக்கவில்லை. ஆயின் அச்செலவைச் சாகுபடிக் கணக்கில் எழுதாமல் கலியாணச் செலவோடு சேர்த்து எழுதுக.

மிராசுதாரிடம் கூறியது இதுவே: 1.3 டன் சரக்கு பிக்கப் ஒன்று போதும். ஒன்பது மதுரைப் பிரயாணத்துக்கு வாடகைக் கார் வைத்துக் கொள்க. தோப்பை ஈடு வைக்க வேண்டா. ஹைலக்ஸ் போன்றதே வேண்டும் என அவர் மைந்தர் வற்புறுத்துவதாகத் தெரிகிறது. அவ்வண்டியின் நீளம் 5,325 மில்லிமீட்டர். ஃபார்ச்சூனரைவிட அரை மீட்டருக்கு மேல் மிகுதி. அவர்கள் தோப்புக்குச் செல்லும் பாதை இருபுறமும் கற்சுவர் உடையது. ஓடைப் பாலத்தருகே செங்குத்தாய்த் திரும்புவது. வண்டியின் நீள அகலத்துக்குக் கயிறு வெட்டிக் கொண்டு போய் அவ்விடத்தில் ஒருமுறை பிடித்துப் பார்க்குமாறு சொல்லியிருக்கிறோம்.