புயலில் சிதைந்த கூரைக்குக் காப்பீட்டு இழப்பீடு

2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் கடும் சேதத்தை விளைவித்தது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ‘பாரத் கிருக ரக்ஷா’ என்னும் பொதுவடிவ வீட்டுக் காப்பீட்டில் தீ விபத்துடன் புயல், வெள்ளச் சேதங்களும் அடங்கும். ஓடு பறந்தாலோ ஆஸ்பெஸ்டாஸ் தகடு உடைந்தாலோ, உடனே படமெடுத்து நிறுவனத்துக்குத் தெரிவித்து, மேலும் மழைநீர் இறங்காதபடி தார்ப்பாய் போர்த்தி, அதன் ரசீதையும் உடைந்த துண்டுகளையும் சர்வேயர், அதாவது சேதத்தை மதிப்பிடும் உரிமம் பெற்றவர், பார்வையிடும்வரை பாதுகாப்பது இன்றியமையாதது. நாள்பட்ட தேய்மானத்துக்கு இழப்பீடு இல்லையாதலால், மழைக்காலத்துக்கு முன்பே எடுத்துவைத்த கூரைப் படம் மிக வலுவான சான்றாகும். கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெற்று, முதலில் நிறுவனத்திடமே முறையிட்டு, ஒரு மாதத்தில் தீர்வு கிட்டாவிடில் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அங்கு கட்டணம் கிடையாது.