'மிக' என்னும் குறிப்பும் ஆறு விடைகளும்

குறுக்கெழுத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் பலர். அது மொழிப் பயிற்சிக்கு உற்ற துணையாவதை ஒரு சிறு சொல்லைக் கொண்டே விளக்கலாம். 'மிகு' என்னும் வினையடியாகப் பிறந்து, இன்று வினையடையாக நாள்தோறும் வழங்கும் 'மிக' என்பதே அச்சொல்.

1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட புதிரே இக்காலக் குறுக்கெழுத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. தமிழுக்கு வந்தபோது அது நம் எழுத்து மரபை ஏற்றது. உயிர்மெய்க்கு ஒரு கட்டம். புள்ளி பெற்ற மெய்க்கும் ஒரு கட்டம். ஆகவே 'ரொம்ப' மூன்று கட்டம் பெறும். அதன் மூலமாகிய 'நிரம்ப' நான்கு பெறும்.

'மிக (2)' என்று குறிப்பு வந்தால் விடை யாது? தொல்காப்பிய உரியியல் உறு, தவ, நனி என்பவற்றை மிகுதிப் பொருளுக்கு உரியனவாகக் கூறும். பவணந்தியாரின் நன்னூல் சால, கூர், கழி என்பவற்றையும் சேர்த்து ஆறாக்கும். ஆறும் ஈரெழுத்துச் சொற்களே. எதை எழுதினாலும் பொருள் பொருந்துமாதலால், எழுதுவோர் ஊகத்தையே நம்ப நேரும்.

ஊகத்துக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாடு சட்டமும் கருதியது. குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டிகளை நெறிப்படுத்த 1955இல் நடுவணரசு சட்டம் இயற்றியது. அது சூதின் தன்மையுள்ள போட்டிகளுக்கே பொருந்தும். திறனைச் சார்ந்தவற்றுக்குப் பொருந்தாது என 1957இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஊகத்தைத் திறனாக்குவது குறுக்கே வரும் சொல். நம் வட்டாரத் தோல் தொழிலிலிருந்தே சான்று காட்டலாம். விடையின் முதற்கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல் இறங்குவதாகக் கொள்க.

பச்சைத் தோல் கெடாதிருக்கத் தூவுவது (3): உப்பு. எனவே 'உறு'.
பதனிட்ட தோலுக்கு நிறம் தருவது (3): சாயம். எனவே 'சால'.
தோல் பதனிட உதவும் துவர்ப்புக் காய் (5): கடுக்காய். எனவே 'கழி'.
உழைத்தவர் பெறுவது (2): கூலி. எனவே 'கூர்'.

குறிப்பையே நுட்பமாக அமைப்பது மற்றொரு வழி. 'மிகுதியும் இதுவே, கணக்கில் குறைப்பதும் இதுவே (2)' என்றால் 'கழி' ஒன்றே விடையாகும். 'அன்போடு சேர்ந்தால் மிகுதி, கத்தியோடு சேர்ந்தால் முனை (2)' என்றால் 'கூர்' ஆகும். விண்ணப்பங்களில் 'அன்புகூர்ந்து' என எழுதும் நாம், பழைய உரிச்சொல்லை அறியாமலே ஆண்டு வருகிறோம்.

பொருளால் ஒன்றாயினும் இவை வழக்கால் வேறானவை. 'சாலச் சிறந்தது', 'தவச் சிறிது' என்பவற்றில் வல்லினம் மிகும். 'உறுபசி', 'நனி சிறந்தது' என்பவற்றில் மிகாது. பட்டியலாக மனனம் செய்தவர் தேர்வு முடிந்ததும் மறப்பர். கட்டத்தில் தேடிக் கண்டவர் மறவார். வீட்டில் உருது பேசி, வகுப்பில் தமிழ் பயிலும் நம் மாணவர் பலர்க்கு இப்பயிற்சி பெரிதும் உதவும். வகுப்புக்கு வாரம் ஒரு கட்டம் அமைத்தால், விடை காண்போரினும் குறிப்பு எழுதுவோரே மிகுதியாகக் கற்பர்.

மாணவர்க்கு ஒரு குறிப்பு: 'முனிவர் செய்வது, ஈறு கெட்டால் மிகுதியாகும் (2).' விடையைச் சொல்லாது விடுகிறேன். மேலே கூறிய ஆறனுள் ஒன்றே அது.