ஒரு சொட்டு இரத்தமும் ஒரு விளக்கும்



நமது ஊழியத்தைத் தாங்கும் சகோதரர் ஒருவர் சென்ற மாதம் காணிக்கையோடு ஒரு கடிதமும் அனுப்பியிருந்தார். அவருடைய மனைவி கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர். "ஒரு சொட்டு இரத்தத்தில் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் கருவி வந்துவிட்டதாமே, ஓரிக்கை நெசவாளர் குடும்பங்களுக்காக அதை வாங்குங்கள் ஐயா" என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுதிய பதிலை நீங்களும் அறிவது நல்லது என்று தோன்றிற்று.

சர்க்கரை வியாதிக்காரர் விரலைக் குத்தி இரத்தம் வைக்கும் சிறு பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பூசிய நொதி சர்க்கரையோடு வினைபுரியும்போது வெளிப்படும் எலக்ட்ரான்கள் மின்னோட்டமாகின்றன. மின்னோட்டத்தைக் கொண்டு சர்க்கரையை அளக்கிறார்கள். 1962இல் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் தம் கூட்டாளியோடு வெளியிட்ட யோசனையிலிருந்து வளர்ந்தது இது. புற்றுநோய்க்கான உணரியில் நொதிக்குப் பதிலாகப் பெரும்பாலும் எதிர்ப்பொருளைத் தங்க அல்லது கரி மின்முனையில் ஒட்டவைக்கிறார்கள். புற்றுநோயைக் காட்டும் புரதம் அதில் வந்து பற்றிக்கொண்டால் மின்னோட்டம் மாறும். (ஜரிகைக்குப் போகும் தங்கம் இதற்கும் உதவுகிறதாம் என்று நெசவாளர் ஒருவரிடம் சொன்னேன். சிரித்தார்.) அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில், காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திலும் இத்தகைய உணரிகளை ஆராய்கிறார்கள்.

பின் ஏன் வாங்கக் கூடாது? சர்க்கரை ஒரு மில்லி இரத்தத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இருக்கும். இந்தப் புரதங்களோ சில நானோகிராம். லட்சக்கணக்கான மடங்கு குறைவு. இரத்தத்திலுள்ள மற்றப் புரதங்களும் மின்முனையில் படிந்து குழப்பும். அளவு சரியாகவே வந்தாலும் சங்கடம் தீராது. பி.எஸ்.ஏ. என்ற புரதம் புற்றில்லாத புரோஸ்டேட் வீக்கத்திலும் கூடும், சி.ஏ.125 மாதவிலக்குக் காலத்திலும் கூடும். நோயில்லாத தாயிடம் உனக்குப் புற்று என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அன்றிரவு என்ன நடக்கும்? அந்த அழுகையைப் படுக்கையருகே கேட்டவன் நான். ஆகவே அந்தக் கருவி நம் கிராமங்களுக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை என்று எழுதினேன்.

ஆனால் லூக்கா 15ஆம் அதிகாரத்து ஸ்திரீயைப் பாருங்கள். காணாமற்போன வெள்ளிக்காசுக்காக அவள் புதிய விளக்குக்குக் காத்திருக்கவில்லை. இருந்த விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கினாள்.

நம் தமிழ்நாட்டிலேயே அப்படித் தேடியிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில், அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையமும் பங்குகொண்டது. பயிற்சி பெற்ற நர்சுகள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளிச்சத்தில் கண்ணாலே பார்த்தார்கள். மாறுபட்ட இடம் வெண்மையாகத் தெரியும். 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 31,343 பெண்களைப் பரிசோதித்தார்கள். பரிசோதனை நடந்த பஞ்சாயத்துகளில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் வெளியிட்டார்கள். வினிகரில் உள்ள அமிலந்தான் இது! 2021 முதல் உலக சுகாதார நிறுவனம் எச்.பி.வி. கிருமிப் பரிசோதனையையே முதன்மையாகச் சிபாரிசு செய்கிறது. வசதியுள்ள இடத்தில் அதுவே மேல்.

நமக்குள்ள கஷ்டம் கருவியல்ல. தார் சுற்றும் தாய்க்கு ஒரு நாள் கூலி போகிறது, வெட்கம் வேறு. "வலி ஒன்றுமில்லையே ஐயா, எதற்கு?" என்கிறார்கள். வலி வந்தபின் வருகிறார்கள்.

காணிக்கையைத் திருப்பி அனுப்பவும் ஆயத்தம் என்று சகோதரருக்கு எழுதியிருந்தேன். ஒரே வரியில் பதில் வந்தது: "அந்தத் தாய்மாரை அழைத்துவரும் வேனுக்கு டீசல் போடுங்கள்."