கால் உடைந்த நாய்க்கு எந்தக் கட்டு?

போன இடவப்பாதி மழையில், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஆட்டோ மோதிய தெருநாய் ஒன்றை என்னிடம் டியூஷன் படிக்கும் பையன்கள் இரண்டு பேர் அட்டைப்பெட்டியில் தூக்கி வந்தார்கள். பின்னங்கால் தொடையிலிருந்து தொங்கியது. ஒருவனுக்குச் சக்கரவண்டி வாங்க வேண்டும், ரீல்ஸில் பார்த்திருக்கிறான். இன்னொருவனின் அம்மா போனில், "எண்ணெய் போட்டு மூங்கில் பத்தை வச்சுக் கட்டுங்கடா, ஆஸ்பத்திரிக்குப் போனா காலையே எடுத்துடுவாங்க" என்றார். எந்த எலும்பு உடைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சக்கரவண்டி பெரும்பாலும் முதுகுத்தண்டு அடிபட்டு முடங்கிய நாய்க்கு. அதை அத்தோடு விட்டுவிடலாம். வண்டி மோதிய நாய்க்குக் காலைவிட முதலில் மூச்சைப் பாருங்கள், சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். வீட்டிலுள்ள மனிதர்களின் வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். குடலும் சிறுநீரகமும் கெடும். பிறகு எக்ஸ்ரே. பி.எம்.ஜி.யிலும் குடப்பனக்குன்னிலும் அரசு கால்நடை மருத்துவமனைகள் உண்டு. பெரிய அறுவை என்றால் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி, அல்லது நெல்லை இராமையன்பட்டி கல்லூரி. நமக்கு நெல்லைதான் கிட்ட.

முழங்காலுக்குக் கீழே, தோல் கிழியாத, எலும்பு அதிகம் விலகாத முறிவென்றால் பெரும்பாலும் மாவுக்கட்டு போதும். இடுப்பெலும்பு விரிசல் பல நேரம் கூண்டு ஓய்விலேயே கூடிவிடும். பொமரேனியன் போன்ற சின்ன நாய்க்கு மணிக்கட்டருகே உடைந்தால் பிளேட்தான் நல்லது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, வெறும் கட்டில் எலும்பு சேராமலே போகலாம்.

இனி மூங்கில் பத்தை. முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாமல் இருந்தால்தான் கட்டு, கட்டு. தொடையெலும்புக்கு மேல் மூட்டு இடுப்பு; அதை எதைக் கொண்டு கட்டுவது? பத்தையின் கனம் முறிந்த இடத்திலேயே ஊஞ்சலாடி, உடைந்ததை இன்னும் விலக்கும். தொடைக்குக் கம்பியோ பிளேட்டோதான் வழி.

இதில் என் சொந்தக் கசப்பும் உண்டு. எங்கள் வீட்டு நாய் கறுப்பனுக்கு முன்னங்கால் உடைந்தபோது, வீட்டுப் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு ஒரு வைத்தியரிடம் போனேன். விரல்நுனி வரை இறுக்கிக் கட்டி, பதினைந்து நாள் பிரிக்காதே என்றார். ஐந்தாம் நாள் நாற்றம். பிரித்தால் பாதம் ஐஸ்போல் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பயந்துதான் வைத்தியரிடம் போனேன்; கடைசியில் ஆஸ்பத்திரியிலேயே அவன் காலை எடுக்க வேண்டியதாயிற்று. மூன்று காலோடு கறுப்பன் ஒன்பது வருஷம் இருந்தான். வாசலுக்கு முதலில் ஓடுவதும் அவன்தான். காலை எடுப்பதுகூட அவ்வளவு பயப்பட வேண்டிய வழியல்ல என்று அவனிடம்தான் கற்றேன். அன்றிலிருந்து விரல் தெரியாத எந்தக் கட்டையும் நான் நம்புவதில்லை. நடு இரண்டு விரல் நுனிகள் வெளியே இருக்க வேண்டும். அவற்றின் நகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் உள்ளே வீக்கம் என்று அர்த்தம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

மழையில் வெளியே கூட்டிப்போகும்போது கழுவிக் காயவைத்த மில்மா கவரைக் கட்டின்மேல் மாட்டுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், வந்ததும் கழற்றிவிடுங்கள். ஈரம் தங்கினால் புண், புண்ணில் புழு.

எந்த வழியானாலும் குட்டிக்கு ஒரு மாதம், வளர்ந்த நாய்க்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அத்தனை நாள் ஒரே ஆள் பார்த்துக்கொள்ள முடியுமா என்பதையும் முடிவெடுக்கும் முன்னே கேட்டுக்கொள்ள வேண்டும். பிளஸ் டூ முடிந்ததும் இதே பிள்ளைகள், நாய்க்கு வழி தேடிய மாதிரியேதான் படிப்பையும் தேர்கிறார்கள்: ஊர் எடுக்கிற கோர்ஸ், இல்லாவிட்டால் அம்மா சொல்கிற கோர்ஸ். தனக்கு எது கைவரும், எதில் பொறுமையாக உட்கார முடியும் என்று யோசிப்பதில்லை. ஆசை முதல் வாரத்துக்குத்தான் ஆகும். பிறகு பொறுமைதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த நாய்க்குத் தொடையில் கம்பி வைத்தார்கள். அம்மாவிடம் போன் பேசியவன் நாலாம் நாளோடு வரவில்லை. ரீல்ஸ் பையன் இன்னும் வருகிறான். கூண்டுப் பக்கம் குந்தி, மாத்திரையை மத்திச் சோற்றில் ஒளித்து ஊட்டுகிறான். கணக்கில் அவன் சுமார்தான். அவன் அப்பாவிடம் ஒருநாள் பேச வேண்டும்.