தை மாதக் கடலை நம்பாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் கேட்டது ஒரே வரி. பதில் ஒரு வரியில் அடங்காது, கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையும் இல்லை. அதனால் காகிதத்தை எடுத்துவிட்டேன்.

பொங்கலுக்கு வந்து நான்கு நாள் இருந்தாய். கோட்டைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றாய். கடல் குளம் மாதிரி கிடந்தது. சென்னைக்குத் திரும்பியதும் கணக்குப் போட்டிருக்கிறாய். பெருங்குடியில் கொடுக்கிற வாடகைக்கு இங்கே மூன்று வீடு பிடிக்கலாம், வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆபீஸில் சம்மதித்துவிட்டார்கள், ஆகவே "தரங்கம்பாடியில் ஒரு மனை பார்த்துச் சொல்லேன் சித்தி."

வா. ஆனால் மனை பார்க்க மாட்டேன். ஒரு வருடத்துக்கு வாடகை வீடு பார்க்கிறேன். நீ பார்த்தது தை மாதக் கடல். பெண் பார்க்க வருகிற நாளில் எல்லா வீடும் சுத்தமாகத்தான் இருக்கும்.

இந்த ஊரில் மாதத்தைவிடக் காற்றுதான் கணக்கு. வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து சோழகம், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். மீனவர் தெருவில் சின்னப் பையன்கூட முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்வான். ஆனி, ஆடியில் கச்சான் பிடித்துக்கொண்டால், தஞ்சாவூர்ப் பக்கத்து வயல் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வந்து வாசலில் கொட்டும். கடலுக்கு 200 மீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, கடல்காற்று எப்போது வரும் என்று மத்தியானம் மூன்று மணிவரை காத்திருப்பாய். ஐப்பசி பிறந்து வாடை இறங்கினால் கதவு இறுகிக்கொள்ளும், தீப்பெட்டி நமுத்துப்போகும், போர்வை காய மூன்று நாள் ஆகும். அலைச் சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்கும். முதல் வருடம் எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்போது உங்கள் வீட்டுக்கு வந்தால் அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வருவதில்லை, அது வேறு விஷயம்.

புயலைப் பற்றி ஒன்றே ஒன்று. துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை உண்டு. நாகப்பட்டினத்தில் எத்தனையாம் எண் ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்கப் பழகிக்கொள். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்று பொருள். புயலின் கண் தலைக்கு மேலே கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். விட்டுவிட்டது என்று வெளியே வந்து, விழுந்த மரத்தைப் பார்க்கப் போகாதே. அடுத்த அடி எதிர்த்திசையிலிருந்து வரும். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கஜா புயல் கரையேறியபோது எங்களுக்குக் கிடைத்தது அதன் ஓரம்தான். அந்த ஓரமே போதும் என்றிருந்தது. அந்தப் பக்கத்தில் தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன.

இனி தண்ணீர். இதில் நான் ஏமாந்த கதையைச் சொல்லியே ஆகவேண்டும்.

நான் வந்த புதிதில் கொல்லையில் ஒரு பழைய உறைகிணறு இருந்தது. 18 அடி. பாசி பிடித்து, ஒரு தவளைக் குடும்பத்தோடு கிடந்தது. சென்னைப் புத்தி என்ன சொல்லும்? ஆழம் போனால்தான் நல்ல தண்ணீர் என்று சொல்லும். வேளச்சேரியில் நாங்கள் அப்படித்தானே பிழைத்தோம். கிணற்றில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடிவிட்டு, ஆளைக் கூப்பிட்டு 140 அடிக்கு போர் போட்டேன். தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. வாயில் வைத்தால் உப்புக் கரித்தது. துவரம்பருப்பு ஒரு மணி நேரம் வைத்தும் வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அந்தக் கெணத்துத் தண்ணிலதாம்மா இந்தத் தெருவே காப்பி போட்டுச்சு" என்றார்கள். மூடுவதற்கு முன்னால் நான் அவரிடம் கேட்கவில்லையே.

விஷயம் இதுதான். கடற்கரை மணலுக்கு அடியில் கடல்நீர் உள்ளே புகுந்து நிற்கிறது. உப்புநீர் கனம், மழைநீர் லேசு. அதனால் பெய்த மழை அதன்மேல் பாலேடு மாதிரி மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடிவரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பார்: மோட்டாரை ஓடவிட்டு மேலே ஓர் அடியை உறிஞ்சிவிட்டால், கீழிருந்து 40 அடிக்கு உப்பு ஏறி வரலாம். ஏறியதை ஒரு மழையில் இறக்க முடியாது. ஏட்டை மேலோடு வழித்து எடுக்கவேண்டும், கரண்டியை அடிவரை விடக்கூடாது. ஆகவே ஆழமில்லாத கிணறு, சின்ன மோட்டார், காலையில் கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம். மொட்டைமாடி மழைநீரை அந்தக் கிணற்றுக்கே திருப்பிவிடு. உனக்கு வீடு பார்க்கும்போது நான் கேட்கப்போகிற முதல் கேள்வி கிணறு இருக்கிறதா என்பதுதான். கடல் தெரிகிறதா என்பதை நீ கேட்டுக்கொள். என் கிணற்றை மறுபடி தோண்டி எடுக்க, போர் போட்டதைவிட அதிகம் செலவானது.

அடுத்தது உப்புக்காற்று. கண்ணுக்குத் தெரியாது, எல்லாவற்றையும் தின்னும். ஜன்னல் கம்பி, ஸ்கூட்டர் சைலன்ஸர், ஃபேன் மூடி, கேஸ் அடுப்பின் பர்னர். ஏசியின் வெளிப்பெட்டியை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவவேண்டும், இல்லையென்றால் அந்த மெல்லிய தகடுகள் அப்பளமாக உதிரும். லேப்டாப்பை ஜன்னலோரம் வைத்து, கடலைப் பார்த்தபடி வேலை செய்கிற ஆசையை விட்டுவிடு. அது படத்துக்கு அழகு. கான்கிரீட் தளத்துக்குள் இருக்கிற கம்பி துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் காரை பெயர்ந்து தலையில் விழும். பழைய வீடுகளைச் சுண்ணாம்பில் கட்டினார்கள். சுவர் ஈரத்தை உறிஞ்சும், திருப்பி வெளியே விட்டுவிடும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு அதன்மேல் சிமெண்ட் பூசுகிறார்கள். ஈரமும் உப்பும் உள்ளே மாட்டிக்கொண்டு, இரண்டு மழைக்காலத்தில் செங்கல் மாவாகிறது. "புதுசா பூசியிருக்கோம்" என்று வீட்டுக்காரர் பெருமையாகக் காட்டினால் அந்த வீட்டை விட்டுவிடு. வாடகையில் மிச்சம் பிடித்ததில் பாதி எனக்கு ரிப்பேருக்கே போகிறது.

மனை விஷயத்தை முடித்துவிடுகிறேன். கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்று மத்திய அரசின் அறிவிக்கை முதலில் 1991-ல் வந்தது, பிறகு 2011, 2019 என்று மாறிமாறி வந்திருக்கிறது. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர்வரை அதன் கட்டுப்பாடு உண்டு. எந்த இடத்தில் எவ்வளவு கட்டலாம் என்பது இடத்துக்கு இடம் வேறு. "அப்ரூவல் வாங்கித் தந்துடறோம் மேடம்" என்று ஒருவர் வந்து நிற்பார். பட்டாவும் வில்லங்கச் சான்றும் மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதே. அதையும்விட, மாசிலாமணிநாதர் கோயிலைப் போய்ப் பார். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 வாக்கில் எழுந்த கோயில். முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலை வந்து மோதவேண்டும் என்றா கட்டியிருப்பார்கள்? அன்று கடல் தள்ளி இருந்திருக்கும். (அந்தக் கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. பலகையில் எழுதிவைத்திருக்கிற 'அலைகள் பாடும் ஊர்' கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.)

நீ எழுதியதில் எனக்கு உறுத்திய ஒரு வார்த்தை 'அமைதி'. இந்த அமைதி எப்படி வந்தது தெரியுமா? 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1706-ல் வந்த பாதிரியார் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்து, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். கப்பல் வந்து போன ஊர் இது. 1845-ல் டேனிஷ்காரர்கள் இதை ஆங்கிலேயர்களுக்கு விற்றார்கள். 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போயிற்று. பிறகு மயிலாடுதுறையிலிருந்து இங்கேயும் ஒரு சின்ன ரயில் ஓடியது, அதையும் 1980-களில் நிறுத்திவிட்டார்கள். உனக்கு அமைதியாகத் தெரிவது பிழைப்புப் போன ஊரின் சத்தமின்மை. இந்த ஊர்ப் பிள்ளைகள் படித்துவிட்டு ஏறுகிற பஸ்ஸிலிருந்துதான் நீ இறங்கப்போகிறாய். உன் சம்பளத்துக்கு இங்கே எந்த வாடகையும் மலிவுதான். கேட்டதைக் கொடுத்துவிட்டு வராதே. நீ கொடுக்கிற கூடுதல் ஆயிரம், அடுத்த வருடம் பக்கத்து வீட்டு டீச்சரின் வாடகையில் ஏறும்.

கடற்கரை உனக்கு உலாவுகிற இடம், அவர்களுக்கு வேலை செய்கிற இடம். காயப்போட்ட வலையை மிதித்துக்கொண்டு போகாதே. படகு கரையேறுகிற நேரத்தில் குறுக்கே நின்று படம் எடுக்காதே. கை காலியாக இருந்தால் கயிற்றைப் பிடித்து இழு, யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மீன் இங்கே பெரும்பாலும் கிலோக் கணக்கில்லை, கூறு. ஏலம் முடிந்து கூடையோடு வருகிற அம்மாவிடம் அதிகமாகப் பேரம் பேசாதே. ஒருமுறை நியாயமாக வாங்கினால் அடுத்த நாள் நல்ல சங்கராவை உனக்கென்று எடுத்து வைத்திருப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. அப்போது ஃபைபர் படகில் கொஞ்சமாக வருவதுதான், விலையும் ஏறியிருக்கும். வஞ்சிரம்தான் வேண்டும் என்று முகம் சுளிக்காமல் சூடையும் காரப்பொடியும் தின்னப் பழகு. மீனவர் தெருவில் பஞ்சாயத்தார் ஒன்று முடிவு செய்தால் அதுதான் முடிவு. புரியவில்லையென்றால் கேள், வாதம் செய்யாதே.

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி நீயாக யாரிடமும் கேட்காதே. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். சொல்கிறவர்கள் அவர்களாகவே ஒரு நாள் சொல்வார்கள். எனக்கு ஒருவர் சொல்ல ஏழு வருடம் ஆனது, அதுவும் பாதியில் நிறுத்திக்கொண்டார். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் பார்த்துக்கொண்டு நிற்காமல் மேற்கே ஓடவேண்டும். இதை மட்டும் உன் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் சொல்.

சில்லறை விஷயங்கள்: பெரிய ஆஸ்பத்திரிக்குக் காரைக்கால், பாதி ராத்திரியானாலும் அங்கேதான். மற்ற சாமான்களுக்குப் பொறையார். நெட் நன்றாகத்தான் வருகிறது, போகும்போது மொத்தமாகப் போகும். இரண்டு கம்பெனி சிம் வைத்துக்கொள். உன் மேனேஜரிடம் வாடை மாதங்களைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வை. உன் அம்மா போனில் என்னைத் திட்டுவாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஐப்பசி முதல் வாரம் கிளம்பி வா. மயிலாடுதுறையில் இறங்கி, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக வருகிற பஸ்ஸில் ஏறு. மாடி அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். குடை எடுத்து வராதே, இங்கே காற்றில் நிற்காது. மழைக்கோட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
சித்தி