மக்கும் பிளாஸ்டிக்கும் களிமண்ணும்

சோளமாவின் சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பெறும் லாக்டிக் அமிலத்தினின்று ஆக்கப்படுவது பாலிலாக்டிக் அமிலம் என்னும் மக்கும் பிளாஸ்டிக். இதன் படலம் கண்ணாடிபோல் தெளிந்ததாயினும் எளிதில் முறியும். நீராவியையும் பிராணவாயுவையும் உட்புகவிடும். உள்ளிருக்கும் ரொட்டி நமுத்துப்போகுமேல் உறையினால் யாது பயன்?

இவற்றுள் பின்னைய குறைக்குக் களிமண் மருந்தாகும். பிரான்சு தேசத்து மோன்மொரில்லோன் என்னும் ஊரால் பெயர்பெற்ற மான்ட்மோரிலோனைட் களிமண், ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் கனமுள்ள ஏடுகள் அடுக்கிய புத்தகத்தை ஒக்கும். அவ்வேடுகள் தனித்தனியே பிரிந்து படலத்துள் படுக்கையாய்ப் பரவின், வாயுவின் மூலக்கூறுகள் நேரே ஊடுருவமாட்டாமல் ஒவ்வோர் ஏட்டையும் சுற்றி வளைந்து நெடுவழி செல்ல நேரும். இவ்வழியின் நீளத்தை 1967-இல் நீல்சன் என்பார் கணக்கிட்டுக் காட்டினார். நூற்றுக்கு ஐந்து பங்கு களிமண்ணே பெரும்பாலும் போதும்.

பிரிப்பதுதான் அரிது. களிமண் நீரை நாடுவது. இப்பிளாஸ்டிக்கோ நீரை வெறுப்பது. ஆதலின் ஏடுகளினிடையே உள்ள சோடிய அயனிகளை நீக்கி, நீண்ட கரிமத்தொடருடைய அம்மோனிய உப்புகளைப் புகுத்துவர். அவ்வுப்பு உணவில் இறங்குமோ என்பதையும் சோதித்தல் வேண்டும். களிமண் மிகுந்தால் கட்டியாய்த் திரண்டு படலத்தை மேலும் முறியச்செய்யும்.

இன்னொன்று: இது விரைந்து மக்குவது ஏறக்குறைய 60 டிகிரி வெப்பமுள்ள எருக்குவியலிலேதான், தெருவோரத்தில் எறிந்தால் நெடுநாள் அப்படியே கிடக்கும்.