சுவரில் ஒரு செங்கல்

அன்புள்ள தம்பிக்கு,

டெல்லி ஆர்.கே.புரம் க்வார்ட்டர்ஸை வைத்து நீ எழுதிய குறும்படத் திரைக்கதை வந்து சேர்ந்தது. ஓய்வுபெறும் அப்பா, நின்றுபோன சுவர்க்கடிகாரம். அந்தக் கடிகாரம் ஏழு இடத்தில் வருகிறது. அதைப் பேசுவதற்கு முன், இதே டெல்லியில் பிறந்த இயக்குநர் ஒருவரின் வரவு செலவைப் பார்த்துவிடலாம்: ராகேஷ் ஓம்பிரகாஷ் மெஹ்ரா.

விளம்பரப் படங்களில் கை பழகியவர். 2001இல் முதல் படம் ‘அக்ஸ்’. அமிதாப் பச்சனும் மனோஜ் பாஜ்பாயும் இருந்தும் ஓடவில்லை. அடுத்த படத்துக்கு ஐந்து ஆண்டு ஆனது. 2006 குடியரசு தினத்தன்று வந்தது ‘ரங் தே பஸந்தி’.

இந்தியா கேட்டில் மெழுகுவத்தி ஏந்தி நிற்கும் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். படம் வந்த சில வாரங்களில், ஜெஸிகா லால் கொலை வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் விடுதலையானதும், டெல்லிக்காரர்கள் நிஜமாகவே அங்கே மெழுகுவத்தியோடு திரண்டார்கள். அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றம் முக்கியக் குற்றவாளியைத் தண்டித்தது. ஆனால் நீ பார்க்க வேண்டிய காட்சி வேறு. படத்தில், போலீஸ் தடியடிக்குப் பிறகு ஆமிர் கான் சாப்பிட உட்காருகிறார். வாயில் கவளம் இருக்கும்போதே அழுகை முட்டுகிறது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பகத் சிங் காலத்தையும் இன்றைய பிள்ளைகளையும் சேர்த்துத் தைத்தது இப்படிப்பட்ட இடங்கள்தான். (இந்தப் படத்தின் சித்தார்த், மாதவன், இசையமைப்பாளர் ரஹ்மான் மூவரும் 2004இலேயே ‘ஆய்த எழுத்து’வில் சேர்ந்திருந்தவர்கள் என்பது நமக்குக் கூடுதல் ருசி.) அமைச்சரைச் சுட்டுக் கொல்லும் கடைசிப் பகுதி மட்டும் இன்றும் உறுத்துகிறது. கோபம் நியாயம், தீர்வு சிறுபிள்ளைத்தனம்.

பிறகு 2009இல் ‘டெல்லி-6’. பழைய டெல்லியின் பின்கோடு 110006; தலைப்பு அதிலிருந்து வந்தது. பெரும்பகுதியை ராஜஸ்தானின் சாம்பரில் எடுத்தார்கள், பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. கலை இயக்கத்துக்காக சமீர் சந்தாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. பாட்டுகள் ஊரெல்லாம் ஒலித்தன. படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை.

ஏன் என்பதற்குப் படத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தம்பி வீட்டுக்கு நடுவே ஒரு சுவர். ஆண்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெண்களோ ஒரு செங்கல்லை உருவி, அந்த ஓட்டை வழியே ஊர்க்கதை பேசுகிறார்கள். பிரிந்த நாடு, பிரிந்த மதம் எல்லாம் அந்தச் சுவரில் இருக்கிறது. ஆனால் அது முதலில் சுவர், பிறகுதான் உருவகம். அதே படத்தில் ஒரு பக்கிரி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு திரிந்து, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் முகத்தைக் காட்டுகிறார். அவருக்குப் பசி உண்டா, வீடு உண்டா, யாருக்கும் தெரியாது. கண்ணாடி தூக்குவதற்கென்றே பிறந்தவர்!

அந்தப் படத்தில் வரும் ‘காலா பந்தர்’ (கருங்குரங்கு) கதையும் அப்படித்தான். 2001 மே மாதம் மொட்டைமாடியில் தூங்கிய டெல்லிவாசிகளைக் குரங்கு மனிதன் பீதி நிஜமாகவே ஆட்டிவைத்தது. மாடியிலிருந்து விழுந்து இறந்தவர்களும் உண்டு. எவ்வளவு நல்ல சரக்கு! மெஹ்ரா அதை ‘நமக்குள் இருக்கும் குரங்கு’ என்ற சொற்பொழிவாக மாற்றினார். பின்னர் வெனிஸ் விழாவுக்கு முடிவை மாற்றி, நாயகன் சாவதாக வேறு வடிவம் தயாரித்தார். கோளாறு முடிவில் இல்லையே, தம்பி.

2013இல் ‘பாக் மில்கா பாக்’ அவரைத் தூக்கி நிறுத்தியது. ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங் தன் கதை உரிமைக்கு வாங்கியது ஒரு ரூபாய். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் நான்காவதாக வந்தவர், ஓட்டத்தின் நடுவே திரும்பிப் பார்க்கிறார். அந்தப் பார்வையைப் பிரிவினைப் படுகொலையிலும், புராணா கிலா அகதி முகாமிலும் கொண்டுபோய்க் கட்டுகிறது படம். மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளம், நாட்டுப்பற்று கொஞ்சம் தூக்கல். ஆனால் உருவகத்துக்குக் கழுத்து இருக்கிறது, கால் இருக்கிறது, வியர்வை இருக்கிறது.

2016இல் ‘மிர்சியா’. குல்ஸார் எழுத்து, மறுபடி இரண்டு காலம். ‘ரங் தே பஸந்தி’யில் ஒரு காலம் மற்றதைக் கேள்வி கேட்டது. இங்கே குதிரைகள் அழகாக ஓடின, அவ்வளவுதான். படுதோல்வி.

வசூலை வைத்து மட்டும் இந்தப் பட்டியலை எடைபோடாதே. ‘டெல்லி-6’இன் செங்கல் காட்சிக்காக அந்தத் தோல்விப் படத்தைப் பத்து முறை பார்க்கலாம், சில வெற்றிப் படங்களை இரண்டாம் முறை பார்க்க முடியாது.

இனி உன் திரைக்கதை. கடிகாரத்துக்கு பேட்டரி போட்டு ஓடவிடு. முப்பது வருடம் இருந்த க்வார்ட்டர்ஸைக் காலி செய்கிற நாளில், கேஸ் சிலிண்டரைக் கழற்றிய பிறகு அந்த வீட்டில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பு.

அன்புடன்,
கரோல் பாக் மாமா